நேற்று எரிந்த லாரிகள்

ஏப்ரல் 28, திங்கள்

மின்கட்டண ரசீதை நகலெடுக்கப் போன இடத்தில் அம்சா ஒரு நோட்டைக் கையில் திணித்தார். நாற்பது பக்க நோட்டு. அட்டையில் என் கையெழுத்து: "பரசுராமன், தாவீது – பங்கு." பேருந்து நிலையத்துக்கு எதிரே அவர் நடத்துவது இப்போது ஜெராக்ஸ் கடை. 2013இல் அதுவே பிரவுசிங் சென்டர்.

"பரண காலி பண்றேன் சார். உன் சொத்து, எடுத்துக்கினு போ. அந்த மூணாம் நம்பர் கம்ப்யூட்டரும் கீது. பதினஞ்சாந் தேதி காயலான் கடைக்குப் போவுது."

"இன்னும் ஓடுமா?"

"ரிட்டயர் ஆயி நீ ஓடல?"

ஏப்ரல் 29, செவ்வாய்

ஓடுகிறது. கடையின் மூலையிலேயே அம்சா மாட்டிக் கொடுத்தார். திரையில் நாங்கள் அன்று ஆடிய விளையாட்டு, அதே துறைமுக நகரம். வேலை போன அதே டிரைவர் பாலத்தடியில் நிற்கிறான். ஐந்து பணிகளில் நான்கு முடிந்திருக்கின்றன. ஐந்தாவதைத் தொடாமல் விட்டிருந்தோம், நானும் தாவீதும்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த டிரைவருக்கு ஒரு நரை விழவில்லை. எனக்கு அறுபது.

மே 1, வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். நான் நிருபர், தாவீது எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர். அது மின்வெட்டுக் காலம். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்து, அம்சாவின் சென்டரில் மின்சாரத்துக்காகக் காத்திருந்து, செய்தியையும் படத்தையும் அனுப்புவோம். மீதி நேரம் விளையாட்டு.

அதில் பணம் பெருக்கும் வழியைக் கண்டுபிடித்தவர் தாவீது. ஒரு கம்பெனியின் சரக்கு லாரிகளை டிரைவர் எரித்தால் போட்டிக் கம்பெனியின் பங்கு ஏறும். ஆகவே பணியைத் தொடங்கும் முன்பே இருக்கும் பணம் முழுவதையும் அந்தப் போட்டிக் கம்பெனியில் போட்டுவிட வேண்டும். எரித்த பிறகு டிரைவரைப் படுக்கவைக்க வேண்டும். ஒரு தூக்கத்துக்கு விளையாட்டில் ஆறு மணி நேரம் நகரும். எரித்த நாளையும் சேர்த்து எண்ணினால் இரண்டாம் நாள் விலை சரியும், மூன்றாம் நாள் காலை உச்சத்துக்குப் போகும். அன்றே விற்றாக வேண்டும்.

"அவசரப்பட்டு கொளுத்திட்டா இன்னா பிரயோஜனம்ணா? மொதல்ல வாங்கு, அப்புறம் கொளுத்து" என்பார்.

படம் எடுப்பதிலும் அப்படித்தான். கருட சேவையன்று கோபுர வாசலில் குடை பெருமாளை ஒரு கணம் மறைத்து விலகும். மற்றவர்கள் இருபது படம் எடுப்பார்கள். தாவீது ஒன்று. அதுதான் மறுநாள் பத்திரிகையில் வரும்.

வேர்வை, அம்சாவின் இஞ்சி டீ, மின்சாரம் வந்ததும் எல்லா மின்விசிறிகளும் ஒன்றாகக் கிளம்பும் சத்தம். அப்படி ஒரு கோடை பிறகு வாய்க்கவில்லை.

மே 3, சனி

இதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் காலையில் ஆடுவேன், அவர் மாலையில். செய்ய வேண்டியதை நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவேன். நான்காவது பணியில் தாவீது ஒரு நாள் முன்னதாக, விலை சரிந்திருந்தபோது விற்றுவிட்டார். சேர்த்ததில் பாதி போயிற்று. ஆட்டத்தை அந்த நிலையிலேயே சேமித்தும் விட்டார். பின்னால் போக வழியில்லை.

"எழுதியிருந்ததத் தாண்ணா செஞ்சேன்" என்றார்.

"படம் புடிக்கறவன்கிட்ட எழுத்தக் குடுத்தேன் பாரு, என் தப்பு" என்றேன்.

அம்சா இருந்தார். இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார். தாவீது கேமரா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டு வாலாஜாபாத்தில் ஸ்டூடியோ வைத்தார்.

அவர் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் அவர். அது எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும்.

மே 4, ஞாயிறு

நோட்டை இன்றுதான் பிரித்தேன். கடைசிக் குறிப்பு, என் கையெழுத்து:

"செவ்வாய் காலை. லாரிகள் நேற்று எரிந்தன. மூன்றாம் நாள் காலை விற்கவும்."

நேற்றா? விளையாட்டில் அன்று செவ்வாய். லாரிகளை எரித்ததும் அதே செவ்வாய் காலைதான். பத்திரிகைக்கு எழுதுகிறவன் இன்று நடந்ததை "நேற்று" என்றுதான் எழுதுவான். வாசகர் படிப்பது நாளைக்கு. இருபது வருடப் பழக்கம் விளையாட்டு நோட்டிலும் வந்துவிட்டது. தாவீது திங்களிலிருந்து எண்ணியிருக்கிறார். புதனன்று விற்றிருக்கிறார். எழுதியிருந்தபடியே.

ஒரு தரம் — ஒரே ஒரு தரம் இந்த நோட்டைப் பொரட்டிப் பாத்திருந்தா?

மே 6, செவ்வாய்

வாலாஜாபாத் போனேன். தாவீது முழுக்க நரைத்திருக்கிறார். நாற்காலி போட்டார், டீ சொன்னார். நான் எழுதிப்போன தாளைக் கொடுத்தேன். "திருத்தம்: நான்காம் பணி பற்றிய குறிப்பில் 'நேற்று' என்பதை 'இன்று' எனத் திருத்தி வாசிக்கவும். தவறு நிருபருடையது."

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இது எனக்கு அன்னிக்கே, வாசப்படி தாண்டறதுக்குள்ள புரிஞ்சிபோச்சுணா. நம்ம பேப்பர்ல போடற 'நேத்து' தானேன்னு."

"அப்பவே திரும்பி வந்து சொல்லியிருக்கலாமே?"

"நீ சொன்ன வார்த்தைக்கப்புறம் நான் வந்து தேதி வெளக்கினு இருக்கணுமா?" தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "திருத்தம் நல்லாத்தான் கீது. வேற தப்புக்குப் போட்டுக்கீற."

டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

மே 7, புதன்

திருத்தம், தவறு வந்த பக்கத்திலேயே வர வேண்டும். எங்கள் பத்திரிகையின் விதி அது. தொலைபேசியில் தாவீதிடம், "அம்சா கடைக்கு வர முடியுமா?" என்று கேட்டேன். "கருட சேவைக்கு வருவேன். பாக்கலாம்" என்றார்.

மே 10, சனி

கடைக்குப் போனேன். விளையாட்டைத் திறக்கவில்லை.

மே 13, செவ்வாய்

கருட சேவை. ஊரே தெருவில் இருந்தது. பத்து மணிக்குக் கழுத்தில் கேமராவோடு தாவீது கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே நகல் எடுக்க ஏழு பேர். அம்சாவை இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன்.

இதே இடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இவரிடம் ஒன்று சொன்னேன் என்று தொடங்கி, அந்த வார்த்தையை அப்படியே திரும்பச் சொன்னேன். அதை மறைத்துவிட்டுத் திருத்த முடியாது. எழுத்திலும் தவறு என்னுடையது, பேச்சிலும் என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன்.

ஏழு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "பாவம், வெய்யிலு ஏறிப்போச்சு" என்றார் ஒரு அம்மா.

அம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சிதா? மிஷின போடட்டா?" என்றார்.

தாவீது மூன்றாம் நம்பருக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"மொதல்ல வாங்குணா."

வாங்கினேன். பிறகு அவர் கொளுத்தினார். நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன். நிதானமாக எழுதினார்: "லாரிகள் இன்று எரிந்தன." 'இன்று' என்பதன் கீழ் இரண்டு கோடு.

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு எழுந்தார். "சனிக்கெயம வரேன். அதுவரைக்கும் அவன படுக்க வெக்காத."

அம்சா காயலான் கடைக்குப் போன் போட்டு, இருபதாம் தேதிக்கு மேல் வரச் சொன்னார்.

டிரைவர் துறைமுகத்தில் விழித்துக்கொண்டு நிற்கிறான்.