படகுப் பதிவும் ஏல விளக்கும்

மாமல்லபுரம் குப்பம்
12.6.2006

அன்புள்ள ஸ்ரீதேவிக்கு,

நலம்தானே? போனில் சொன்னால் கத்துவாய் என்றுதான் கடிதம். தகவல் மையத்துக் கம்ப்யூட்டர் மறுபடி படுத்துவிட்டது. விடிகாலை மீன் ஏலத்துக்கு லைட் போட, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இருசப்பன் அண்ணன் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கரைப்பக்கம் வேறு பிளக் கிடையாது. கேட்டால், "இன்னாமா, மீனத் தடவிப் பாத்தா ஏலம் வுட சொல்ற?" என்கிறார்.

இன்னொரு முறை கெட்டால் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவதாக, அதைக் கொடுத்த டிரஸ்ட்டின் சுப்பிரமணி சார் எழுதிவிட்டார். எந்தப் படகு போனது, எது திரும்பியது என்று நான் எழுதும் பதிவும் என் வேலையும் அதோடு போய்விடும். வழி சொல்.

பயத்தோடு,
மீனாட்சி

கேளம்பாக்கம்
20.6.2006

மீனா,

பிளக்கைப் பிடுங்குகிற ஆளை விட்டுவிட்டு மெஷினைத் திருத்தச் சொல்கிறாய். சரி. கரண்ட் திடீரென்று போனால் கெடுவது உள்ளே இருக்கும் டிஸ்க்தான். அது இல்லாமலே மெஷினை ஓட்டும் முழு லினக்ஸ் சிஸ்டமும் இதோடு வைத்திருக்கும் இந்த சிடியிலேயே இருக்கிறது. யாராலும் இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆயிரம் தடவை பிடுங்கட்டும்.

உன் கோபக்காரி,
ஸ்ரீதேவி

குப்பம்
2.7.2006

ஸ்ரீதேவி,

பத்து தடவை பிடுங்கினார்கள், பத்து தடவையும் மெஷின் எழுந்தது. ஆனால் நான் எழுதியது ஒன்றுகூட மிஞ்சவில்லை. நேற்று தேவேந்திரன் படகு திரும்பியதா என்று அவன் மனைவி வந்து கேட்டாள். கரைக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன். உன் மேல் ஆத்திரமாக வந்தது.

இங்கே சுவரில் கடல் வரைபடம் இருக்கிறது, அதன் மேல் பிளாஸ்டிக் தாள். மீன் கண்ட இடத்தைத் தாளில் எழுதுவார்கள், அழிப்பார்கள். வரைபடத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. உன் சிடிக்கு அப்படி ஒரு தாள் போட முடியாதா?

மீனாட்சி

கேளம்பாக்கம்
25.7.2006

என் மீனாவுக்கு,

இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அப்படியே செய்துவிட்டேன். அடியில் புது சிடி, மேலே இந்த பென் டிரைவ். இரண்டும் சேர்ந்து உனக்கு ஒரே டிஸ்க்காகத் தெரியும். நீ எழுதுவதும் மாற்றுவதும் பென் டிரைவில் போய் உட்காரும், அதுவும் வரிக்கு வரி உடனே. பென் டிரைவே கெட்டுப்போனாலும் சிடியிலிருந்து மெஷின் எழுந்துவிடும். மன்னித்துக்கொள்.

ஸ்ரீதேவி

குப்பம்
28.8.2006

என் ஸ்ரீதேவிக்கு,

மெஷின் இன்னும் கெட்டுத்தான் கிடக்கிறது என்று நினைத்து, இன்று சுப்பிரமணி சார் அதை எடுத்துப் போக வண்டியோடு வந்துவிட்டார். அவர் கண்ணெதிரே பதிவு எழுதிக்கொண்டே, இருசப்பன் அண்ணனிடம், "அண்ணே, பிடுங்குங்க" என்றேன்.

அண்ணனுக்கே பயம். "இத்தினி நாளு திட்டிகினு இருந்த, இப்ப நீயே சொல்றியே?"

பிடுங்கினார். திரும்பச் செருகினோம். கடைசி வரி வரை அத்தனை படகும் இருந்தது. சார் நம்பாமல் தானே மூன்று முறை பிடுங்கிப் பார்த்தார். வண்டி காலியாகத்தான் திரும்பிப் போனது. பெருமையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்துக் குப்பங்களுக்கும் ஐந்து சிடி வேண்டுமாம். செய்தவர் பெயரை மேலே எழுதித் தரச் சொன்னார். இருவர் பெயரையும் எழுதினேன். கோபித்துக்கொள்ளாதே, என் பெயர்தான் முதலில்.

உன்
மீனாட்சி