ஃபோரத்தை மூட வேண்டாம், அனு

கே.கே. நகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் மதினி மீனாட்சி எழுதுவது. வடபழனி முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், ஆக்லாந்து குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மொட்டை மாடிக்கு ஏறி வடகம் பிழிந்தாள், திட்டினேன், கேட்டால்தானே. நீ போனில் கேட்டபோது அண்ணன் பக்கத்தில் இருந்தான், அதனால் பதில் சொல்லவில்லை. இப்போது அவன் கடைக்குப் போயிருக்கிறான், இதை மீனாட்சி போட்டோ எடுத்து அனுப்புவாள்.

நம் தி.நகர் கிரைண்டர் கடைக்கு நீ கம்ப்யூட்டரில் செய்து கொடுத்ததில், பிளாக் என்றால் நாம் எழுதுவோம் வாங்கினவர்கள் படிப்பார்கள், ஃபோரம் என்றால் அவர்களே எழுதி அவர்களே ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்வார்கள், இரண்டையும் பார்த்துக்கொள்ள நேரமில்லை, ஒன்றைச் சொல்லுங்கள் என்றாய். மயிலாப்பூர் மதுவந்தி என்கிற பெண் ஃபோரத்தில், மாவில் கல் நெருடுகிறது, மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்று எழுதி, அடியில் ஒன்பது பேர் எனக்கும் அப்படித்தான் என்று சேர்ந்துகொண்டதிலிருந்து உன் அண்ணன் அஸ்வத், மூடச் சொல்லுங்கப்பா, கடைப் பேர் நாறுது என்று குதிக்கிறான். எனக்கும் பிளாக்தான் ஆசை, மறைப்பானேன். முதல் கிரைண்டரை நான் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்த கதையை அவன் அதில் எழுதியிருந்ததை மீனாட்சியை நாலு தரம் படிக்கச் சொன்னேன். எழுத்துத் தெரியாதவன் பேர் எழுத்தில் வந்தால் சும்மாவா.

ஆனால் நீ பிறப்பதற்கு முன், எண்பத்து மூன்றில், கடை வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு போட்டிருந்தேன். கல் கொத்தித் தரும்வரை பெண்கள் அதில் உட்கார்ந்து பேசுவார்கள், அந்த முகங்கள் எல்லாம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒருத்தி புது கிரைண்டரில் மாவு நறநறவென்கிறது என்று கத்தினாள், நான் வாய் திறக்குமுன், சைதாப்பேட்டையில் இடியாப்பம் விற்ற அமீனா பீ, இன்னாம்மா, புதுக் கல்லுல எடுத்தவொடனே அரிசிய கொட்டினியா, மொதல்ல தவுடு போட்டு ரெண்டு தபா ஓட்டு, அப்பால கடைக்காரன திட்டு என்று முடித்துவிட்டாள். பிறகு ஒருநாள், கல்யாணச் சீருக்கு வாங்க வந்த கூட்டத்துக்கு நேரே இன்னொருத்தி, இங்கே வாங்காதீங்க, பெல்ட்டு பத்து நாள் தாங்காது என்றாள், சீர்க்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். மறுநாளே பெஞ்சை எடுத்துவிட்டு ஒலிபெருக்கி கட்டி நம் பெருமையை நாள் முழுக்கப் பேசவிட்டேன். அப்புறம் ஒரு புகார் இல்லை, மூன்று மாதம் தலைநிமிர்ந்து நடந்தேன். ஒரு காலை சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனால் அமீனா பீயைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள், எல்லாம் நம் பெல்ட் அறுந்த கதை. என்னைப் பார்த்ததும் அவள், இன்னா மொதலாளி, ஒங்க கடையில குந்த எடமில்ல, அதான் இங்க பேசிக்கினு கீறோம் என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். ஊருக்கே தெரிந்தது, விற்ற எனக்குத் தெரியவில்லை.

மீனாட்சி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள், புருஷனுக்கு எதிராக எழுத வேண்டியிருக்கிறதே. எழுதும்மா என்றால், நான் எங்க எழுதுதேன், நீங்கதான மாமா சொல்லுதீக என்கிறாள்.

ஆகையால் பிளாக்கை எடுத்துவிடு தாயி, என் கதை போனால் போகிறது. ஃபோரத்தில் யார் எழுதியதையும் அழிக்காதே. மதுவந்திக்கு என் பேரில் இப்படிப் போடு: அம்மா, மூன்று தரம் கூப்பிட்டும் வராதது எங்கள் தவறு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு மெக்கானிக்கோடு நானே வருகிறேன், மற்ற ஒன்பது பேர் வீட்டுக்கும் வரிசையாக வருகிறோம். அலங்காரம் வேண்டாம். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவனையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். இத்தனை வருஷம் கிரைண்டர் விற்றானே, அது ஓடுகிற ஒரு அடுக்களையை அவன் பார்த்ததில்லை.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், குறையொன்றும் இல்லாமல் நீடூழி இருங்கள். தலை ஈரத்தோடு வெளியே போகாதே. அந்தப் பதிலைச் செவ்வாய்க்குள் போட்டுவிடு, சொல்லாமல் போய் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நாங்கள் நிற்கக் கூடாது.

என்றும் உன் நினைவாய்,
அப்பா தனபாலன்