தாய்மாமன் துண்டு

கருவடிக்குப்பம்
18-1-1958

என் தம்பி தணிகாசலத்துக்கு அக்கா அஞ்சலாட்சி எழுதிக்கொண்டது.

இங்க நானும் உங்க மாமாவும் பாப்பாவும் சாமி புண்ணியத்துல நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். கோவமா இருக்கேன்.

காணும் பொங்கலன்னிக்குக் கரும்பையும் பொங்கலையும் தூக்கிக்கிட்டு, சந்திரகலாவை இடுப்புல வச்சுக்கிட்டு ஜெயில் வாசல்ல வெயில்ல காஞ்சேனே, எதுக்கு? நீ அவளைத் தூக்குவேன்னுதானே? தீபாவளிக்கு வந்தப்ப வார்டர் பெரிய மனசு பண்ணி உள்ள விட்டாரு. மணியடிக்கிற வரைக்கும் அவளை மடியை விட்டு எறக்கலை நீ. இந்தத் தடவை கொழந்தை ரெண்டு கையையும் நீட்டுது, நீ என்னடான்னா துண்டால வாயைப் பொத்திக்கிட்டுப் பின்னால போய்ச் செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிற. வீடு வர்ற வரைக்கும் அழுதா. எளைச்சும் போயிட்ட. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது.

எங்க மாமியார் செல்வாம்பாளைத்தான் உனக்குத் தெரியுமே. ஒன்றரை வயசாவுது, இன்னும் மூளிக் காதோட அலையுது, ஜெயில்ல இருக்கிற மாமனுக்காகவா காத்துக் கெடக்கணும், யார் மடியிலயாவது ஒக்கார வச்சுக் குத்திடுன்னு தெனம் ஒரு பாட்டு. நேத்து சொல்லிப்புட்டேன். பெரிய மார்க்கெட்டுல என்னைத் தப்பாப் பேசுனவன் மண்டையை எடைக்கல்லால ஒடச்சிட்டுத்தான் அவன் உள்ள போயிருக்கான், எம்பொண்ணு அவன் மடியிலதான் ஒக்காருவா, இல்லன்னா மூளியாவே இருக்கட்டும்னேன்.

ஏப்ரல்ல விட்டுடுவாங்க இல்ல? சித்திரையில மயிலம் முருகன் கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்து. நாள் பாக்கச் சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
கோவம் தீராத அக்கா
அஞ்சலாட்சி


ஜெயில், புதுச்சேரி
2-2-1958

அக்காவுக்கு தணிகாசலம் கும்பிட்டு எழுதுறது.

உன் கடுதாசியைப் படிச்சிட்டுத்தான் வார்டர் கையில குடுத்தாரு. உங்க அக்கா இங்க வேலைக்கு வந்தா கைதிங்களோட நாங்களும் அடங்கிடுவோம்னு சிரிக்கிறாரு.

கோவப்படாதக்கா. இங்க தரையெல்லாம் ஈரம், சளி புடிச்சிக்கிச்சு. அதான் தள்ளி நின்னேன். ஜிசேலம்மான்னு ஒரு நர்சு ஒப்பித்தால் ஆஸ்பத்திரியிலேருந்து வாராவாரம் வர்றாங்க. பிரான்சு பென்ஷன்காரர் பொண்ணு, நல்ல மாதிரி. அவங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போய் நெஞ்சைப் படம் புடிச்சு மாத்திரை குடுக்குறாங்க. மூட்டை தூக்குன ஒடம்பு, ஒண்ணும் ஆவாது.

அடுத்த தடவை வரும்போது எனக்கு ஒரு சிவப்புத் துண்டு வேணும். வெள்ளைத் துண்டுல எல்லாம் பளிச்சுனு தெரியுது. சோத்தை அடுக்குப் பாத்திரத்துல கொண்டாராதே, எலையில கட்டிக் குடு. நான் தின்னுட்டு எலையை இங்கயே போட்டுடுவேன். என் கை பட்ட எதையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாதே. பாப்பாவையும் தூக்கிட்டு வராதே, வெயில் ஏறுது.

பாப்பாவுக்கு இருமல், சளி ஏதாவது இருக்கா? மறக்காம எழுது. அதை மட்டும் மறந்துடாதே.

தம்பி
தணிகாசலம்


கருவடிக்குப்பம்
23-2-1958

தம்பிக்கு,

கேட்ட துண்டை வாங்கியாச்சு. குங்குமச் சிவப்பு. மாப்பிள்ளை கணக்கா இருப்ப. எலைச்சோறும் இதோட வருது. ஆனா எங்க வீட்டு அடுக்கு உனக்கு எப்போலேருந்துடா கசக்க ஆரம்பிச்சுது? ரெண்டு வருசமா அதுலதானே தின்ன? அடுக்கை வெளக்கி எடுத்து வைக்கிறப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு, போ.

பாப்பாவுக்கு இருமல் இல்ல. தை மாசத்துலேருந்து பொழுது சாஞ்சா ஒடம்பு லேசா சுடுது, அவ்வளவுதான். சோறு ஊட்டுனா துப்புறா. வாங்குன சட்டை தொளதொளன்னு இருக்கு. கண்ணு பட்டுடுச்சுன்னு எங்க அத்தை மொளகா சுத்திப் போட்டாங்க.

உன் ஜிசேலம்மா போன வாரம் வீட்டுக்கே வந்துட்டாங்க. வெள்ளைச் சட்டை, கையில பை, தெருவே வேடிக்கை பாக்குது. வீட்டுல யாராவது இருமுறீங்களா, எல்லாரும் எங்க படுக்குறீங்க, பாப்பாவை ஒரு தடவை பாக்கணும்னாங்க. அத்தை வாசப்படியில நின்னுக்கிட்டு உள்ள விடவே இல்ல. ஜெயிலுக்குப் போற நர்சுக்கு எங்க வீட்டுல என்ன வேலைன்னுட்டாங்க. எனக்கு மானமே போச்சு. போறப்ப என் பக்கத்துல வந்து, பாப்பாவைத் தூக்கிட்டுத் தனியா ஒப்பித்தாலுக்கு வாங்க, சீக்கிரமா வாங்கன்னு மெதுவா சொன்னாங்க. உங்க மாமாகிட்ட கேட்டேன். ஜெயில்லேருந்து வர்றவனுக்கு எடம் குடுக்குறதே பெரிசு, இதுல ஒப்பித்தால் வேறயா, ஊர் என்னா ஏதுன்னு நெனைக்காதான்னு கத்துறாரு. அவரு மனசு மாறி உன்னை வீட்டுல சேக்கறேன்னு சொன்னதே தை பொறந்துதான். அதைக் கெடுத்துக்க வேணாம்னு நானும் போவலை.

மாட்டுக் கொட்டாயை ஒட்டுன ரூமை மெழுவிக் கோலம் போட்டு வச்சிருக்கேன். உனக்குத்தான். கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டாச்சு.

காது குத்து சித்திரை பத்துக்குள்ள.

அக்கா
அஞ்சலாட்சி


ஜெயில், புதுச்சேரி
16-3-1958

அக்காவுக்கு,

உன் கடுதாசியைப் படிச்சதுலேருந்து சோறு எறங்கலை. பாப்பாவுக்கு ஒடம்பு சுடுதுன்னா சுத்திப் போடுற சங்கதியா அது? ஜிசேலம்மாகிட்ட உடனே தூக்கிட்டுப் போ. உன் கால்ல விழுந்து கேக்குறேன். வடிவேல் மாமா திட்டுனா திட்டட்டும்.

இன்னொண்ணு. காது குத்துக்கு நான் வரலை. மெட்ராஸ் பக்கம் ஒரு எடத்துல எனக்கு வழி பண்ணியிருக்காங்க ஜிசேலம்மா. விட்ட கையோட அங்க போறேன். எட்டு மாசமோ பத்து மாசமோ ஆவும். மெழுவி வச்ச ரூமுல நீ வெறகு அடுக்கிக்க.

பாப்பாவை வேற யார் மடியிலயாவது வச்சுக் குத்திடு. நம்ம சித்தப்பா மவன் அம்மாவாசை இருக்கான், அவனும் மாமன்தானே. என் மேல கோவப்படு, எவ்வளவு வேணா திட்டு, ஆனா ஏன்னு கேக்காதே. இது நாலு பேர் கையில போற கடுதாசி, வீட்டுல மாமாவும் படிப்பாரு.

எனக்கு எழுதுறதை ஜிசேலம்மா கையில குடு, வந்து சேந்துடும். நீயே நேர்ல போய்க் குடுக்கணும், பாப்பாவையும் தூக்கிட்டுப் போவணும். வேற யார்கிட்டயும் குடுத்து அனுப்பாதே.

தம்பி
தணிகாசலம்


கருவடிக்குப்பம்
27-4-1958

கல்மனசுக்காரத் தம்பிக்கு,

இதைப் பூக்கார ஆயம்மாகிட்ட குடுத்து அந்த நர்சு கையில சேக்கச் சொல்லியிருக்கேன். நான் போவலை. எந்தம்பியை என்கிட்டேருந்து பிரிச்சு வெளியூருக்கு அனுப்புனவ மூஞ்சியில நான் எதுக்கு முழிக்கணும்?

நீ வரமாட்டேன்னு எழுதுனா நான் நம்பிடுவேனா? உன்னை விடுற அன்னிக்குப் புது வேட்டியோட வாசல்ல வந்து நின்னேன். விடியகாலையிலயே வண்டியில கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னாரு வார்டர். நான் அங்கயே ஒக்காந்துட்டேன். பின்பக்கமா உன் துணியைக் குவிச்சு வச்சுக் கொளுத்தப் போனாங்க. எதுக்குன்னு கேட்டா மேல உத்தரவாம். குவியல் மேலயே கெடந்துச்சு நான் வாங்கிக் குடுத்த துண்டு. என் காசுல வாங்குனதுய்யான்னு அழுது கால்ல விழுந்து, அதை மட்டும் புடுங்கிட்டு வந்துட்டேன்.

சித்திரை எட்டுல காது குத்து நடந்துச்சு. அம்மாவாசை மடியை நான் ஒத்துக்கலை. உங்க மாமாவையே ஒக்கார வச்சு, அவர் மடியில உன் துண்டை நாலா மடிச்சுப் போட்டு, அது மேல பாப்பாவை வச்சேன். தாய்மாமன் மடிதான் இது, குத்துங்க ஆசாரியாரேன்னேன். அய்யரு கூட சரிதாம்மான்னாரு. நீ வராட்டியும் உன் மடியிலதான்டா அவளுக்குக் காது குத்துனேன். அன்னிக்குத்தான் எனக்கு மனசு நெறஞ்சுது.

துண்டைத் துவைக்கலை. துவைச்சா உன் வாசம் போயிடும். அங்கங்க தடிப்பா காஞ்சு வெறச்சுக் கெடந்துச்சு. வெத்தலைச் சாறுதானே? ஜெயிலுக்குப் போய் வெத்தலை போடவா கத்துக்கிட்ட? காது குத்துறப்ப பாப்பா வீல்னு கத்துனா, கண்ணு மூக்கெல்லாம் அதுலதான் தொடச்சு விட்டேன். அன்னியிலேருந்து அதை விடமாட்டேங்குறா. அதோட முந்தியை வாயில வச்சு சப்பிக்கிட்டே தூங்குறா. மாமா மாமான்னு துண்டைத்தான் கூப்புடுறா.

நாலு நாளா இருமுறா. ராத்திரி தலை வேர்த்துக் கொட்டுது. மொட்டை போட்டதுல நீர் கோத்துக்கிச்சு, வைகாசி பொறந்தா சரியாப் போயிடும்னாங்க அத்தை.

நீ எப்போ வருவ? கட்டில்ல யாரையும் படுக்க விடலை.

அக்கா
அஞ்சலாட்சி


1-5-1958

அக்கா,

எனக்கு சயரோகம். நான் இருக்கிறது அதுக்கான ஆஸ்பத்திரி. துண்டுல நீ பாத்தது வெத்தலை இல்லக்கா, ரத்தம். அது தெரியக்கூடாதுன்னுதான் சிவப்பா வாங்கச் சொன்னேன்.

தீபாவளிக்குப் பாப்பாவை மடியில வச்சிருந்தப்பவே எனக்கு இருமல் இருந்துச்சு. வெறும் இருமல்னு நெனச்சேன். தெரிஞ்ச நாள்லேருந்து அவ பக்கத்துல நான் வரலை. வாயைத் தொறந்தா உன் வீட்டு வாசப்படி எனக்கு மூடிடும், உன்னையும் அந்த வீட்டுல பேசியே கொன்னுடுவாங்கன்னு பயந்தேன். அந்தப் பயத்துல பாப்பாவை விட்டுட்டேன்.

இதைக் கொண்டுவர்றது ஜிசேலம்மா. வண்டியோட வாசல்ல நிக்கிறாங்க. கடுதாசியை மடிக்கிறதுக்கு முன்னாடி பாப்பாவைத் தூக்கு. இப்ப மருந்து இருக்கு, எனக்கே கேக்குதுன்னு சொல்றாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு நாளைக் கடத்துனா மூளைக்கு ஏறிடுமாம். காது ஆறட்டும், வைகாசி பொறக்கட்டும்னு நிக்காதே.

அத்தை வழியை மறிச்சா, எந்தம்பிக்கு சயரோகம், எம்பொண்ணுக்கும் இருக்கும் போலருக்கு, வழிவிடுங்கன்னு சொல்லு. தெருவுக்கே கேக்கட்டும். அதுக்கப்புறம் நான் அந்த வீட்டுக்கு வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். கட்டிலை அவுத்துடு.

துண்டைக் கொல்லையில போட்டு எரிச்சிடு. பாப்பா அழுவா. அழட்டும்கா. குடுத்துடாதே.

தணிகாசலம்