காயலில் எந்த இடம்

மார்ச் 3, செவ்வாய்

காயலின் வடக்கு மூலையில் கடற்புல் மூன்று ஏக்கருக்குத் திரும்பிவிட்டது. உறுதி செய்தவர்: காயல் பாதுகாப்பு அலுவலகத்தின் உயிரியல் அதிகாரி, காலை 11.20, தொலைபேசியில். அளந்தது அவர் அல்ல. என் அக்காவும் அவளோடு மட்டி பொறுக்கும் பதினோரு பெண்களும் இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு பிடித்து அளந்தார்கள். அதிகாரி பின்னால் வந்து சரிபார்த்தார்.

எட்டு மாதமாக எங்கள் கரையின் அறுபத்திரண்டு படகுகளும் அந்த மூலையில் வலை போடவில்லை. சட்டம் இல்லை, காவல் இல்லை. தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதுதான். ஏப்ரல் 6 அன்று கூட்டு ஆய்வு. அன்று புல் இரண்டரை ஏக்கருக்குக் குறையாமல் இருந்தால், மூலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊர்க்குழுவுக்கே எழுத்தில் கொடுப்பார்கள். குறைந்தால் வேலி. காயலின் பாதியில் யாரும் இறங்க முடியாது. அக்காவின் முப்பது வருடப் பிழைப்பு அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

ரேடியோவின் படகில் போனேன். எங்கள் கரைப் படகுக்காரர், வாய் மூடாத மனிதர், அதனால் அந்தப் பெயர். புல்லுக்குள் சினை நண்டு ஒதுங்கும் இடத்தைக் காட்டினார்.

“எந்த இடம்னு எழுதட்டும்ணே?”

“தண்ணியிலன்னு எழுதுங்க.”

“தண்ணியில எங்க?”

“தண்ணிக்குள்ள.” சிரிப்பு வேறு.

படகுக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். எங்கே பிடித்தாய் என்று கூடப்பிறந்தவன் கேட்டாலும் இதே பதில். எனக்கோ நிருபராக முப்பத்தொரு வருடப் பழக்கம். துறையிலிருந்து தண்ணீரில் நட்டிருக்கும் எத்தனையாவது கழி, கழியிலிருந்து எத்தனை அடி என்று நானே எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

என் கட்டுரை முதல் பக்கத்தில், வரைபடத்துடன். ஆசிரியருக்கு மகிழ்ச்சி: “இப்படி எழுதினா எவன்யா கேள்வி கேப்பான்?” அக்கா தொலைபேசியில், “படமெல்லாம் போட்டிருக்கியே” என்றாள். பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

ரேடியோவை மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 14, சனி

“வந்து பாரு, நீ எழுதின இடத்தை” என்று அக்கா அழைத்தாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

துறை நெடுக வேரோடு பிடுங்கிய புல் ஒதுங்கிக் கிடந்தது. எதிர்க்கரைப் படகுகள் ஏழு. நேற்றுக் காலை ஆறு முதல் ஒன்பது வரை. அடிமண்ணை வாரும் வலை. பார்த்தவர்கள் நான்கு பேர், நால்வரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். சினை நண்டைச் சினையோடு அள்ளியிருக்கிறார்கள்.

ரேடியோ ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். உள்ளே எங்கள் பத்திரிகை, வரைபடம் வெளியே தெரியும்படி மடித்தது. அந்தப் படகுகளில் ஒன்றிலிருந்து விழுந்து மிதந்ததாம். நனையக் கூடாதென்று உறை போட்டிருக்கிறார்கள். என் எழுத்தை இத்தனை பத்திரமாக இதுவரை யாரும் வைத்துக்கொண்டதில்லை.

அக்காதான் பேசினாள். “வழி கேக்கறவனுக்கு வழி சொல்லலாம்டா. சாவி எங்க இருக்குன்னு வாசல்ல போர்டு மாட்டுவாங்களா?”

ஒரு எண்ணையாவது தப்பாக எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா நான்?

மார்ச் 16, திங்கள்

திருத்தம் போடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

“எது தப்பு?”

“எதுவும் தப்பில்லை.”

“அப்புறம் எதைய்யா திருத்தறது?”

மார்ச் 18, புதன்

கட்டுரையைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். இன்று தப்பு கிடைத்தது. இரண்டாம் பத்தி, முதல் வரி: ‘காயலின் மீனவர்கள் அனைவரும் ஒப்புக்கொண்டனர்.’

அனைவரும்? அறுபத்திரண்டு என்பது எங்கள் கரைக் கணக்கு. எதிர்க்கரையில் எத்தனை படகு? குழு அவர்களைக் கூப்பிடவில்லை. அதிகாரி கேட்கவில்லை. கழியிலிருந்து அடி அளந்த நானும் கேட்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். “சனிக்கிழமை அங்க போவோம். நீயும் வர்றே” என்றாள்.

மார்ச் 19, வியாழன்

திருத்தம் வந்தது. ஏழாம் பக்கம், நான்கு வரி.

மார்ச் 21, சனி

எதிர்க்கரைக்கு அக்கா, ரேடியோ, நான். அதிகாரியும் கிளம்பினார். “நீங்க வந்தா அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க மேடம்” என்று அக்கா நிறுத்திவிட்டாள்.

படகுகள் பத்தொன்பது. எண்ணினேன். வலை தைக்கும் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். அவர்களுக்காகப் பேசியவரை நெட்டை என்று கூப்பிடுகிறார்கள். உயரம் அப்படி.

“அங்க வலை போடக் கூடாதுன்னு எங்ககிட்ட யார் சொன்னா? அது எங்க தண்ணி இல்லையா?”

ரேடியோ எகிறினார். “அதே பேப்பர்ல எழுதியிருந்துச்சே, படிக்கலையா?”

“படம் மட்டும்தான் பார்த்தோம்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பேச்சு பேச்சாக நடந்தது, இரண்டரை மணி நேரம். “வேலி வந்தா உன் படகும்தாம்பா கரையேறும். கரையில ஒண்ணா நிக்கறதுக்குத் தண்ணியில ஒண்ணா நிக்கலாமே” என்றாள். நெட்டை கேட்டது: காவலில் பங்கு, குழுவில் மூன்று இடம். ரேடியோ இரண்டு என்றார். மூன்று ஆயிற்று.

கிளம்பும்போது நெட்டை என்னைப் பார்த்து, “இவர் யாரு? வாயே திறக்கலையே” என்றார்.

“படம் போட்டவன்” என்றாள் அக்கா.

மார்ச் 24, செவ்வாய்

இரு கரையும் சேர்ந்து காவல் தொடங்கியது. அட்டவணையில் என் பெயரும் இருக்கிறது, அக்காவின் கையெழுத்தில்: செவ்வாய், சனி, காலை ஆறு முதல் பத்து. ஆபீஸ் இருக்கிறது என்றேன். “உன் ஆபீஸ்ல எவன்டா பத்துக்கு முன்னாடி வர்றான்?” உண்மைதான்.

என்னோடு ரேடியோ. நான்கு மணி நேரத்தில் அவர் பேசியது ஒரே வார்த்தை: “நகருங்க.”

மார்ச் 28, சனி

முதுகு வலி. வேற்றுப் படகு எதுவும் வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

கூட்டு ஆய்வு. 2.3 ஏக்கர். வேண்டியது 2.5. பெண்கள் கயிற்றை இன்னொரு முறை பிடித்தார்கள். அதே 2.3.

கிழிந்த இடங்களில் புதுத் தளிர் இருக்கிறது. அதிகாரி தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். “அளவை என்னால மாத்த முடியாது. ரெண்டு கரையிலயும் எண்பத்தொரு படகும் காவலுக்குக் கையெழுத்து போட்டிருக்குன்னு சேர்த்து அனுப்பறேன்.”

கயிற்றைச் சுருட்டிக்கொண்டே அக்கா, “அனுப்புங்க” என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 11, சனி

காவலில் ரேடியோ ஆறு மணிக்குப் பேச ஆரம்பித்தார்: மருமகனின் குறட்டை, பழைய எஞ்சின், நெட்டைக்குத் தனியாகச் சட்டை தைக்கும் செலவு. பத்து மணிக்குக் கரையில் கால் வைக்கும்போதும் முடிக்கவில்லை. நான் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை.

அங்கிருந்து நேராக ஆபீஸ். ஆய்வுச் செய்தி எழுதினேன். இரண்டு அளவுகளும் இருக்கின்றன, இரண்டு கரையும் இருக்கிறது, எண்பத்தொன்று இருக்கிறது. ஆசிரியர் கடைசிவரை படித்தார்.

“தளிர் விட்டிருக்கு, சரி. எங்கன்னு போடலையே?”

“தண்ணியிலதான்.”

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினார்.

முடிவு தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டும். இருபதாம் தேதி, திங்கள் மாலைக்குள் என்று அதிகாரி சொல்கிறார். வேலியா, குழுவா, தெரியாது. அதற்குள் எனக்கு இரண்டு முறை காவல் இருக்கிறது.