எண்ணெய் வழிந்த இறுதி ஆட்டம்

16-7-1961, ஞாயிறு

இன்று மேலகரத்தில் சடுகுடு இறுதி ஆட்டம். ஏற்பாடெல்லாம் என் ஒருவன் தலையில். விருந்தாளிகளான இலத்தூர் அணியை, ராஜ உபசாரமாக இருக்கட்டும் என்று நானே காலையில் குற்றாலத்துக்கு எண்ணெய்க் குளியலுக்கு அனுப்பினேன். அங்கேதான் புத்தி பிசகிவிட்டது. ஆட்டம் தொடங்கியதும் அவர்கள் உடம்பில் ஒரு பிடி நிற்கவில்லை.

நம்மூர்க் கேப்டன் ஆட்டக் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டான். "அண்ணாச்சி, இவனுவளைப் பிடிக்கணும்னா வலைதான் வீசணும். நாங்க ஆட மாட்டோம்!"

கூட்டம் பத்தாயிரம் இருக்கும். ஆட்டம் நின்றால் இனி என்னை எவன் கூப்பிடுவான்?

"ஏலே, நீங்களும் எண்ணெய் தேய்ச்சுட்டு வாங்கலே! அப்பம் சரியாப் போச்சுல்லா?"

செக்கிலிருந்து ஒரு குடம் வந்தது. பதினாலு பேரும் வழுக்கினார்கள். ஜனம் சிரித்து உருண்டது. இலத்தூர் ஒரு புள்ளியில் ஜெயித்தது. தோற்றவர்களும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள்.

இலத்தூர்க் கேப்டன் என் கையைப் பிடித்தான். "எங்க ஊருப் போட்டியையும் நீங்கதான் நடத்தித் தரணும், அண்ணாச்சி."

சீமையில் இந்த வேலைக்கென்றே தனிப் படிப்பு உண்டாம். நான் படிக்காமலே பாஸ். வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சம்பளம் உண்டுமா?" என்றாள்.

மாலையும் மத்தியானச் சாப்பாடும் உண்டு என்றேன்.

"அப்பம் அன்னைக்கு உங்களுக்கு உலை வைக்க வேண்டாம்" என்று சிரித்தபடி விளக்கைத் தணித்துவிட்டாள்.