அக்கா எந்தத் தரப்பு?

மார்ச் 4

இன்று எங்கள் சேனலில் விவாதம் தெருநாய்களைப் பற்றி. ஆதரவாக இருவர், எதிர்ப்பாக இருவர். நாய்கள் தரப்பில் யாரும் வரவில்லை. வந்த நால்வரும் அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

பேச வருபவர்களைத் தொலைபேசியில் பிடிப்பதும் நெறியாளர் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதுவதும் என் வேலை. நெறியாளருக்கு அலுவலகத்தில் 'முழக்கம்' என்று பெயர். அவர் வணக்கம் சொன்னாலே பக்கத்து அறை ஜன்னல் அதிரும். யாரை அழைத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" "ரெண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குங்க" என்று இழுப்பவரின் எண்ணை உடனே அழித்துவிடுவேன். அப்படிப்பட்டவரை எங்கே உட்கார வைப்பது? நீல நாற்காலி ஆதரவுக்கு, சிவப்பு எதிர்ப்புக்கு. திரையில் முகத்துக்குக் கீழே வரும் பட்டையிலும் அந்த இரண்டு நிறம்தான் உண்டு.

மார்ச் 7

பெருந்தொற்றை அரசு கையாண்ட விதம் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை வந்துவிட்டது. சட்டசபைக்குள் அதை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். கையாண்டது சரி என்பதற்கும் தவறு என்பதற்கும் அதில் வேண்டிய அளவு ஆதாரம் இருக்கிறதாம். எங்கள் தொழிலுக்கென்றே எழுதியது போல.

"ஒரு வாரம் இதையே ஓட்டலாம்ப்பா" என்றார் செய்தி ஆசிரியர். நோய் வந்தபோதும் இதையேதான் சொன்னார்.

மார்ச் 8

ஆதரவுத் தரப்புக்கு ஒரு டாக்டர் கிடைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அன்று தொற்று வார்டைப் பார்த்துக்கொண்டவர். ஒப்புக்கொண்டார் என்பதைவிட, சுகாதாரத் துறை அவரை அனுப்புகிறது என்பது சரி.

அத்தான் இறந்தது அந்த வார்டில்.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று மாடிப்படியில் நின்று யோசித்தேன். அத்தான் போனபிறகு நான் அக்காவோடுதான் இருக்கிறேன். அவள் கணக்கு டீச்சர். முகத்தைப் பார்த்தே தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடித்துவிடுவாள்.

"என்னடா முழுங்கற?"

சொன்னேன். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஓரமாக நகர்த்திவிட்டு, "நானும் வரேன்" என்றாள்.

மார்ச் 9

அவளைத் தடுக்கப் பார்த்தேன். அது கடைத்தெரு மாதிரி, கத்துவார்கள், உன்னை அழவைக்கத்தான் பார்ப்பார்கள் என்றெல்லாம் சொன்னேன்.

"முப்பத்தஞ்சு பிள்ளைங்க இருக்கற வகுப்புல நான் நிக்கலையா? எனக்கு ஒரே ஒரு கேள்விடா. அவரைத் தூக்கிட்டுப் போனாங்க, வார்டு வாசல்ல என்னை நிறுத்திட்டாங்க, அப்புறம் மூடிக் கட்டிக் குடுத்தாங்க. நடுவுல என்ன ஆச்சு? கடைசியில பக்கத்துல யாராவது இருந்தாங்களா? அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில கேட்டா அந்த டாக்டர் மாற்றலாகிப் போயிட்டாருன்னாங்க. இப்ப வராருன்னு நீயே சொல்ற."

ஆசிரியரிடம் சொன்னதும் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "சொந்த அக்காவா! இதை ஏன்ப்பா இத்தனை நாள் சொல்லல?" நல்ல ஊறுகாய் ஒன்றை வீட்டில் ஒளித்து வைத்திருந்தவனைக் கடிந்துகொள்வது போன்ற குரல்.

மார்ச் 11

எந்த நாற்காலி?

ஆதரவு என்று போட முடியாது. கணவனைப் பறிகொடுத்தவளை நீல நாற்காலியில் உட்கார வைத்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். இரண்டுமில்லை என்று போட வரைகலைப் பிரிவில் பட்டை கிடையாது. "புதுசா ஒரு நிறம் செய்யணும்னா மேல கேட்கணும் சார்" என்றார் அங்கே இருப்பவர். மேலே கேட்க நேரமில்லை. சிவப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நிறம்தானே.

மார்ச் 12

கேட்டாள். தெளிவாக, குரல் உடையாமல், வகுப்பில் கேட்பது போலக் கேட்டாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, "அம்மா, அன்னிக்கு—" என்று தொடங்கினார்.

அதற்குள் ஆளுங்கட்சிப் பேச்சாளர் பாய்ந்தார்: "உலக நாடுகளோட ஒப்பிட்டுப் பாருங்க!" எதிர்க்கட்சிக்காரர், "இந்தச் சகோதரியோட கண்ணீருக்கு என்ன பதில்?" என்றார். சகோதரி அழவில்லை. காமிரா அவள் கண்ணை நெருங்கிப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பியது. முழக்கம், "நாடே கேட்கும் கேள்வி! பதில், இடைவேளைக்குப் பிறகு!" என்றார்.

இடைவேளையில் டாக்டர் அவளை நோக்கி எழுந்தார். ஒப்பனைக்காரர் அவரை உட்கார வைத்து நெற்றி வியர்வையை ஒற்றினார். இடைவேளைக்குப் பிறகு தடுப்பூசி கொள்முதல். அதற்கான கேள்விகளையும் நான்தான் எழுதியிருந்தேன். நல்ல கேள்விகள்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா சொன்னாள்: "ஊரைப் பூட்டினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலடா. பூட்டாம இருந்தா இன்னும் எத்தனை வீட்ல இப்படியோ. ஆனா நான் கேட்டது அது இல்லையே?"

இல்லை.

மார்ச் 13

'அரசைத் துளைத்தெடுத்த ஆசிரியை' என்று ஊரெல்லாம் அவள் முகம். கீழே சிவப்புப் பட்டை, அதில் 'எதிர்ப்பு'. அவளை ஒரு கூட்டம் வீராங்கனை என்கிறது, இன்னொரு கூட்டம் கூலிக்கு நடிப்பவள் என்கிறது. கணவன் இறந்தானா என்று சான்றிதழ் கேட்கிறான் ஒருவன். யார்டா நீ? உனக்கு எதுக்குடா சான்றிதழ்?

எதிர்க்கட்சியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். கூட்டத்தில் பேச வேண்டுமாம்.

"என்ன பேசணும்?"

"நாங்களே எழுதித் தந்துடுவோம்மா."

"அப்ப நீங்களே படிச்சுடுங்க" என்று கதவைச் சாத்தினாள்.

மார்ச் 14

அக்காவின் கேள்விக்குப் பதில் கேட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க அக்கா எதிர்ப்புத் தரப்புன்னு போட்டிருந்தது. அந்தத் தரப்புல யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு துறையில எழுத்துல குடுத்துட்டாங்க. மன்னிச்சுக்கோங்க சார்."

அது தரப்பு இல்லை, நாற்காலி என்றேன். அவருக்குப் புரிந்தது. துறைக்குப் புரியாது. எனக்குத்தான் முதலில் புரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 15

அக்காவிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "ம்" என்றாள்.

மார்ச் 19

"ம்" தொடர்கிறது. பள்ளியில் அவளைக் கொஞ்ச நாள் பெற்றோர் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அரசியல் வேண்டாம் பாருங்கள்.

இன்றைய விவாதம்: அடுத்த பெருந்தொற்றுக்கு நாம் தயாரா? ஆதரவாக இருவர். எதற்கு ஆதரவு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மார்ச் 24

காலையில் அக்கா பள்ளிக்கு விடுப்பு சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போறேன். வர்றதுன்னா வா."

உடம்புக்கு என்ன என்று பதறினேன்.

"எதிர்ப்புத் தரப்புன்னா பேசக்கூடாது. நோயாளின்னா பார்த்துத்தானே ஆகணும்?"

டாக்டர் இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு இருமுகிறவர்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெரியவர் அவளையே உற்றுப் பார்த்தார். "உங்களை எங்கியோ பார்த்திருக்கேனேம்மா. டிவியா?"

"இல்லைங்க. கணக்கு டீச்சர்."

"ஐயோ" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே டாக்டர் தலை நிமிராமல், "என்ன பண்ணுது?" என்றார்.

"மூச்சு விட்டா இங்க வலிக்குது டாக்டர்."

நிமிர்ந்தார். அவளை அடையாளம் தெரிந்துகொண்டார். ஒருமுறை கதவைப் பார்த்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவள் முதுகுப் பக்கம் போய் நின்றார். அங்கே நின்றால் அவளுக்கு அவர் முகம் தெரியாது.

"மூச்சை இழுங்க." இழுத்தாள். "எனக்கு ஞாபகம் இல்லம்மா. விடுங்க." விட்டாள். "எத்தனையோ பேர். முகமெல்லாம் குழாயும் மூடியுமா இருக்கும். யார்கூட யார் இருந்தாங்க, யார் தனியாப் போனாங்கன்னு... உங்களுக்கு ஆறுதலா ஏதாவது சொல்லலாம். அது பொய்யாயிடும்."

ஏவலர் கதவைத் திறந்தார். "சார், வெளியே கூட்டம் சேருது."

"சேரட்டும்."

அக்கா புறநோயாளிச் சீட்டை மேசைமேல் வைத்தாள். பிறகு, "அப்ப நான் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றாள். சொன்னாள். அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டுத் தன் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். எவ்வளவு குளிரானாலும் பாதம் மட்டும் போர்வைக்கு வெளியே இருக்க வேண்டும். குறட்டை விட்டால் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து சண்டை போடுவார்.

டாக்டர் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தார். "எப்படிப் படுப்பார்?"

"மல்லாந்துதான்."

"அங்க எல்லாரையும் குப்புறத்தான் படுக்க வச்சோம். மூச்சு கொஞ்சம் சுலபமாகும்னு. யாரையும் விட்டு வைக்கல, அது எனக்கு நிச்சயமாத் தெரியும். ஒருத்தரால திருப்ப முடியாது. நாலஞ்சு பேர் சேர்ந்து பிடிச்சு, தலையை ஒருத்தர் தாங்கி, மெதுவாத் திருப்புவோம்."

"அப்ப அவர் மேல கை பட்டிருக்கும்."

"பட்டிருக்கும்மா. கையுறை போட்ட கை."

அக்கா அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குப்புறப் படுத்தா அவருக்குக் குறட்டை வராது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அத்தான் போனபிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. நடுவில் அது அழுகையாக மாறியது. எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வரிசை முணுமுணுத்தது. டாக்டர் அடுத்தவரைக் கூப்பிடவில்லை.