கிடாரின் கீச்சுக் குரல்

மேனாம்பேடு,
3 ஜூன் 2024

அன்புள்ள செலினுக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டாய், எழுதினால் படிப்பாய் என்று உன் அக்கா ஹெலினா சொன்னார்கள். எழுதுகிறேன். மூன்றே ஸ்டேஷன் தள்ளி ஆவடியில் அக்கா வீட்டில் இருக்கும் பெண்டாட்டிக்குத் தபால் போடுகிறவன் அம்பத்தூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு வருஷமாகப் பின்னறையில் அறுத்தும் இழைத்தும் உன் உயிரை வாங்கினேனே, அந்த எலெக்ட்ரிக் கிடார் முடிந்துவிட்டது. சத்தம்தான் சரியில்லை. ஹாலில் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினால், தகரத்தை ஆணியால் கீறியதுபோல் கீச்சென்கிறது. பல் கூசுகிறது. கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் அதன் பிக்கப்பும் ஒரு காயில்தானே? இருபத்திரண்டு வருஷம் கம்பெனியில் காயில் சுற்றியவள் நீ. உனக்குத் தெரியாததா?

நம் இவான் பெங்களூரிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறான். எனக்குச் சாப்பாடு மெஸ்ஸில். சாம்பாரில் உப்பே இருப்பதில்லை.

அன்புடன்,
வேதமுத்து


ஆவடி,
8 ஜூன் 2024

திரு. வேதமுத்து அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில். வால்யூம் திருகில் 500 கே ரெசிஸ்டன்ஸ் போட்டிருப்பீர்கள். 250 கே போடுங்கள், கீச்சு குறையும். டோன் திருகில் கெபாசிட்டரைச் சரியாகப் பற்றவைத்தீர்களா? காயில் எத்தனை சுற்று? எண்ணினீர்களா, குத்துமதிப்பா?

இன்னொன்று. எங்கள் செக்‌ஷனை மூடிய அன்று சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து, "இன்னியோட வேலை போச்சுங்க" என்றேன். நீங்கள் தலையைத் தூக்காமல், "கிடாருக்கு நாப்பத்தாறாம் நம்பர் கம்பி கேட்டேனே, எடுத்தாந்தியா?" என்றீர்கள்.

எடுத்து வந்திருந்தேன். சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் அவமானமாக இருக்கிறது.

செலின்


மேனாம்பேடு,
21 ஜூன் 2024

அன்புள்ள செலின்,

திருகை மாற்றினேன். கெபாசிட்டர் சரி. ஏழாயிரம் சுற்று, எண்ணித்தான் சுற்றினேன். கீச்சு போகவில்லை.

கிடாரையும் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி போனேன். ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கும் டில்லிபாபு தன் கடையில் வாசித்துவிட்டு, "மாமே, வெண்ண மாதிரி கீது. இதுல இன்னா கொறை?" என்கிறான். எனக்கும் அங்கே அப்படித்தான் கேட்டது. வீட்டுக்கு வந்து ஹாலில் வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி.

அன்று நீ சொன்னது என் காதில் விழுந்தது, செலின். விழவில்லை என்று தப்பிக்க மாட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். மன்னித்துக்கொள். எப்போது வருகிறாய்?

உன்
வேதமுத்து


ஆவடி,
27 ஜூன் 2024

இவான் அப்பாவுக்கு,

கிடாரில் ஒரு கோளாறும் இல்லை. ஹாலைத் திரும்பிப் பாருங்கள். நான் தைத்த திரைகள், இலவம்பஞ்சு மெத்தைகள், பாய், என் துணிமணி எல்லாம் என்னோடு வந்துவிட்டன. அங்கே இருப்பது சுவரும் டைல்ஸும்தான். சத்தத்தை வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை, மோதித் திரும்பி வருகிறது. உங்கள் குரலும் அப்படித்தான் கேட்கும். கூப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாததால் தெரியவில்லை.

நான்கு திரைகளைப் பார்சல் போட்டிருக்கிறேன். மாட்டுங்கள்.

எனக்கு இங்கே மோட்டார் காயில் சுற்றும் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. கோபம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் வரவில்லை. வேலை முடிந்து வந்தால் அக்கா, "இன்னாடி ஆச்சு இன்னிக்கு?" என்று கேட்கிறாள். அது எனக்கு வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலின்


மேனாம்பேடு,
6 ஜூலை 2024

அன்புள்ள செலின்,

பார்சல் வந்தது. திரைகளை அனுப்பியவள் பின்னால் வரப்போவதில்லை என்று பிரிக்கும்போதே புரிந்தது. நான்கையும் மாட்டினேன். கிடார் குழைந்து பேசுகிறது. நீ சொன்னதுதான் சரி.

கோளாறு தீர்ந்த பிறகுதான் உறைத்தது, உனக்கு எழுத இனி என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஒரு திரையைக் கழற்றிவிட்டு, மறுபடியும் கீச்சுகிறது என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். ஸ்டூலில் ஏறியும் விட்டேன். பிறகு இறங்கிவிட்டேன்.

அதனால் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். இன்று வேலையில் என்ன ஆச்சு, செலின்?

பதில் எழுதியே ஆகவேண்டும் என்றில்லை. தபால்காரர் நம் தெருவுக்குப் பதினொன்றரைக்கு வருகிறார்.

உன்
வேதமுத்து